பாண்டி பஜாரில் ஓரம் யாருக்கு?

சென்னையில் தெருச் சீரமைப்பு என்று யார் பேச்செடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் தியாகராய நகரின் (தி. நகர்) கடைத்தெருவான பாண்டி பஜார் வந்துவிடும். ஆதரிப்பவர்கள் காட்டுவதும் அதைத்தான், எதிர்ப்பவர்கள் காட்டுவதும் அதைத்தான். 2019 நவம்பர் 13 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அங்கே கட்டிய நடைபாதை வளாகத்தைத் திறந்துவைத்தார். செலவு ஏறத்தாழ 40 கோடி ரூபாய். பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே போகும் தியாகராய சாலையில் வண்டி ஓடும் அகலத்தைக் குறைத்து, சில இடங்களில் பத்து மீட்டர் வரைக்கும் நடைபாதையை விரித்திருந்தார்கள். உட்கார இருக்கை, குழந்தைகள் ஏறி விளையாடச் சில அமைப்புகள், விளக்குகள், ஏற்கெனவே இருந்த மரங்களின் நிழல். ஜவுளிக் கடைக்குள் மனைவியும் மாமியாரும் புடவை பார்த்துக்கொண்டிருக்க, பைகளோடு வெளியே கால்கடுக்க நின்ற தலைமுறை ஆண்களுக்கு முதன்முறையாக உட்கார ஓர் இடம் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

புகார்களும் கூடவே வந்தன. அந்தத் தெருவைப் பற்றி இதுவரை எழுந்த பேச்சையெல்லாம் வரவேற்பு, எதிர்ப்பு என்று இரண்டு கூடையில் போட்டுவிடலாம். போட்டால் ஒன்றும் விளங்காது. எனக்குப் படுவது இது: பாண்டி பஜார் விஷயத்தில் யார் எவ்வளவு சத்தமாகப் பேசினார்கள் என்பதற்கும், யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதிகம் பயந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இழந்தவர்களோ, பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே இடத்தைவிட்டு அகற்றப்பட்டிருந்தார்கள். அல்லது அவர்கள் போய்ப் பேச ஓர் அவையே அப்போது இல்லை.

ஏரியின் மேல் எழுந்த பேட்டை

தியாகராய நகர் தானாக வளர்ந்த ஊரில்லை. நீதிக் கட்சி ஆட்சியில் இருந்த 1920களில், மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து மனை போட்டுக் கட்டிய பேட்டை. பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு, பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. நடேசன், டாக்டர் நாயர், உஸ்மான் என்று சுற்றுமுற்றும் உள்ள பெயர்ப்பலகைகளை வரிசையாகப் படித்தால் கட்சிக் கூட்டத்து வருகைப் பதிவேடு போலிருக்கும். அகலமான வீதிகளும் தோட்டம் வைத்த வீடுகளுமாக, குடியிருப்பதற்கென்றே வரைந்த வரைபடம் அது.

அந்த வரைபடத்தின் மேல்தான் பிற்பாடு தமிழ்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிகச் சந்தை வந்து உட்கார்ந்தது. பட்டு, நகை, பாத்திரம், ஆயத்த ஆடை என்று ஒவ்வொன்றாக வந்தன. வீடு இருந்த மனையில் கடை வந்தது, கடை இருந்த இடத்தில் ஏழு மாடி வந்தது. எழுந்த கட்டடங்களில் எத்தனையோ அனுமதித்த அளவைத் தாண்டியவை. வண்டி நிறுத்தத்துக்கென்று காட்டிய இடமும் சரக்கு வைக்கும் கிடங்காக மாறிவிடுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறல்களை வரைமுறைப்படுத்த அரசு முன்வந்தது. 2011 அக்டோபர் 31 அன்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குச் சீல் வைத்தது. 2012 பொங்கல் சமயத்தில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. இதெல்லாம் கட்டட விதி பற்றிய பழைய வழக்குதானே, நடைபாதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. தன் மனைக்குள் வண்டிக்கு இடம் விடாத கட்டடம், அந்த இடத்தைத் தெருவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள் மாநகராட்சி வந்து அந்த ஓரத்தை நடப்பவர்களுக்குக் கொடுக்கிறேன் என்றால், இருந்த உரிமை பறிபோவதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். ஏரி இருந்த இடம் என்பதால் மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் வரும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டாரா?

கடைக்காரர்களின் பயத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வாசலில் வண்டி நிறுத்த முடியாதென்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். உலகத்தில் எந்த ஊரில் எந்தத் தெருவைத் தொட்டாலும் முதலில் எழும் குரல் இதுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வாடிக்கையாளர்களில் 41 விழுக்காட்டினர் காரில் வருகிறார்கள் என்பது கடைக்காரர்களின் மதிப்பீடு. வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22. கடைக்காரர்கள் வேண்டுமென்றே மிகைப்படுத்தவில்லை. காரில் வருபவர் கண்ணில் படுகிறார், வண்டியை எங்கே விடுவது என்று கேட்கிறார், இடமில்லை என்று சலித்துக்கொள்கிறார். ரயிலிலிருந்து இறங்கி நடந்து வருபவர் பேசாமல் உள்ளே வந்து வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார். கடைக்காரர் மனதில் காரில் வந்தவர்தான் நிற்பார்.

தி. நகருக்கு இதை நிரூபிக்கப் பிரிஸ்டல் வரை போகவே தேவையில்லை. பாண்டி பஜாரிலிருந்து நடக்கும் தூரத்தில் ரங்கநாதன் தெரு இருக்கிறது. அங்கே கார் நுழைய முடியாது. யாரும் திட்டம் போட்டு நிறுத்தவில்லை, கூட்டம் நிறுத்தியது. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டம் அப்படியே அந்தத் தெருவுக்குள் பாய்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. காவல்துறை கோபுரம் கட்டிக் கண்காணிக்கும். நாட்டின் மிக நெரிசலான வணிகத் தெருக்களில் ஒன்று கார் நிறுத்தம் இல்லாமலேயே வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சென்னையில் 2008 வாக்கில் எடுக்கப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வு, நகரில் நடக்கும் பயணங்களில் கால் பங்குக்கும் மேல் நடந்தே செய்யப்படுவதாகவும், காரில் செய்யப்படுபவை பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை என்றும் காட்டியது. அதற்குப் பிறகு கார்கள் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் கடைக்குள் வரும் கூட்டத்தின் பெரும்பகுதி பேருந்தும் ரயிலும் இருசக்கர வாகனமும் கொண்டுவந்து விடும் கூட்டம்தான்.

இதற்காகக் கடைக்காரர் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. கட்டுமானம் நடக்கும் மாதங்கள் உண்மையிலேயே கொடியவை. வாசலுக்கு முன்னே பள்ளம், தூசி, தகரத் தடுப்பு; வாடகை மட்டும் மாதம் தவறாமல் கட்ட வேண்டும். பெரிய கடை தாங்கிவிடும். வாடகைக்கு எடுத்து வளையலும் பொட்டும் விற்கும் சிறிய கடைக்கு ஒரு தீபாவளி தப்பினால் ஓர் ஆண்டே போச்சு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்ட வேலைக்காகத் தோண்டிய காலத்தில் கேட்ட புலம்பலும் இதேதான். கட்டுமானக் காலத்துக்கு வாடகைச் சலுகையோ வரிச் சலுகையோ தருவது பற்றி நம் திட்ட அறிக்கைகள் வாயே திறப்பதில்லை. எதிர்ப்பில் பாதி இந்த ஒரே காரணத்தால் வருவது என்பது என் கணிப்பு.

ஆனால் வணிகர்களின் குரல் கேட்கப்படவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2016இலும் 2018இலும் சோதனைக்காக வாகனங்களை முழுதாக நிறுத்திப் பார்த்தார்கள். தெரு முழுக்க மக்கள் நடந்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள், படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நிரந்தரமாகக் கட்டியபோது வந்ததோ வாகனம் குறைந்த தெரு, வாகனம் இல்லாத தெரு அல்ல. நடுவே வண்டிகள் ஓடுகின்றன. அதோடு நிற்கவில்லை. அதே தியாகராய சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் ஒன்றையும் கட்டினார்கள்: 222 கார்கள், 513 இருசக்கர வாகனங்கள். அதற்கும் செலவு சுமார் 40 கோடி. அதாவது, ஒரு தெரு முழுவதையும் நடப்பவர்களுக்காக மாற்றியமைக்க ஆன தொகையும், இருநூற்றுச் சொச்சம் கார்களுக்குக் கூரை போட ஆன தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. வணிகர்களுக்குக் கொடுக்கப்பட்ட பதிலின் எடை அதுதான்.

கார் நிறுத்தத்தின் கணக்கை நம் ஊரில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 135 சதுர அடி. சென்னையில் கட்டணம் வசூலித்த சாதாரணச் சாலைகளில் அதற்கு மணிக்கு 20 ரூபாய்தான் வாங்கினார்கள். தி. நகரில் 135 சதுர அடிக் கடைக்கு என்ன வாடகை என்று தரகரிடம் விசாரித்துவிட்டு இந்த இருபது ரூபாயைப் பார்த்தால், நகரம் யாருக்கு மானியம் தருகிறது என்பது புரியும்.

மாடியேறிய பிளாட்பாரக் கடைகள்

இந்த விவகாரத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். பாண்டி பஜார் என்றால் சென்னைக்காரர் ஒருவருக்குப் பல காலம் நினைவுக்கு வந்தது பெரிய கடைகள் இல்லை, பிளாட்பாரக் கடைகள். ஹேர் கிளிப், கைப்பை, செருப்பு, நைட்டி, பிளாஸ்டிக் பூ, பேரம் பேசும் சத்தம். பொன் வாங்க வந்தவர்களும் திரும்பும்போது பத்து ரூபாய்க்கு ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

இவர்களை அகற்றுவது பற்றிய வழக்குகள் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தன. கடைசியில் 2013இல் தியாகராய சாலையிலேயே ஓர் அடுக்குமாடி வளாகம் தயாரானது. நான்கு கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டிய செலவு. அறுநூறுக்கும் மேற்பட்ட நடைபாதை வியாபாரிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். நடைபாதை காலியானது. பத்திரிகைகள் பாராட்டின. நடக்க இடம் கிடைத்ததென்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்லவும் முடியாது, அதுவரை அங்கே நடந்தவர்களுக்குத்தான் அந்த நெருக்கடி தெரியும்.

ஆனால் பிளாட்பார வியாபாரம் எப்படி நடக்கிறது என்று யோசித்தால், மாடியில் அது ஏன் தேறவில்லை என்பது விளங்கிவிடும். ஹேர் கிளிப் வாங்கவேண்டும் என்று தீர்மானித்து வீட்டிலிருந்து கிளம்பி வருபவர் எத்தனை பேர்? போகிற வழியில் கண்ணில் படுகிறது, கால் நிற்கிறது, கை எடுக்கிறது. போக்குவரத்தின் நடுவே இருப்பதுதான் அந்தக் கடையின் முதலீடு. அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் மாடியில் வைத்தால், சரக்கு போய்ச் சேரும், வாடிக்கையாளர் போய்ச் சேரமாட்டார். கீழ்த்தளத்துக் கடைகள் ஏதோ ஓடின, மேல்தளங்கள் ஈயோட்டின. சிலர் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி தெருவுக்கே வந்தார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். வியாபாரிகள் மாற்றப்பட்டது 2013. தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 மே 1. முறையான கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் ஆலோசனை சொல்ல நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. வாங்குபவரும் விற்பவரும் வழிவழியாகக் கூடும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று அது அங்கீகரிக்கிறது. பாண்டி பஜார் நடைபாதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அந்த வரையறைக்குக் கிடைக்காது. சில மாதங்கள் முந்திக்கொண்டதால் அந்தச் சட்டம் இவர்கள் விஷயத்தில் ஏட்டில் நின்றுவிட்டது.

இதைவிடக் கசப்பானது இன்னொன்று. 2013இல் சொன்ன காரணம் நடைபாதையில் இடமில்லை என்பது. 2019இல் அதே நடைபாதை பல மடங்கு அகலமானது. வந்த இடத்தில் இருக்கைக்கு இடம் இருந்தது, ஊஞ்சலுக்கு இடம் இருந்தது, தொட்டிச் செடிக்கு இடம் இருந்தது. இடம் போதாமல் துரத்தப்பட்டவர்களை இடம் வந்த பிறகு திரும்ப அழைக்கலாமா என்ற கேள்வி வரைபடத்தில் ஏறவில்லை. பத்து மீட்டர் நடைபாதையில் இரண்டு மீட்டரை வரிசைக் கடைகளுக்கு ஒதுக்கி, எண் போட்டு, மின் இணைப்பு கொடுத்து, கட்டணம் வாங்கியிருக்கலாம்; மாநகராட்சிக்கு வருமானமும் வந்திருக்கும். ஒதுக்காததால் என்ன ஆயிற்று? கடைகள் வரத்தான் செய்தன. அகலமான நடைபாதை, நாள் முழுக்க நடக்கும் கூட்டம். வியாபாரிக்கு அழைப்பிதழ் வைத்தா கூப்பிட வேண்டும்? முறைப்படுத்தாமல் வந்ததால் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு லாரி வந்து அள்ளிப்போகும், மறுநாள் மறுபடி இருக்கும். இந்த ஆட்டத்தில் யார் யாருக்குப் பணம் கைமாறும் என்பது ஊரறிந்த விஷயம். ‘கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நடைபாதையைப் பிளாட்பாரக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்’ என்று இப்போது எழும் புகாருக்கு முந்தைய வரலாறு இது.

கவுன்சிலர் இல்லாத ஐந்தாண்டுகள்

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 2016 ஜனவரியில் தேர்வான முதல் 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. நகரம் முழுவதற்கும் சில வேலைகள், தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்குச் செறிவான வேலைகள் என்பது திட்டத்தின் அமைப்பு. அந்தப் பகுதியாகத் தேர்வானது தி. நகர்; பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் இந்தத் திட்டத்தின் கீழ் வந்ததுதான். மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்பது விதி. கேட்டார்கள், கூட்டங்களும் நடந்தன.

ஆனால் சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்தாண்டுக்கும் மேல் 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் இல்லை. மேயர் இல்லை. ஆணையரே தனி அலுவலராக மன்றத்தின் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தார். திட்டத்தை நடத்தியதோ கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி நிறுவனம். பாண்டி பஜாரின் சோதனை ஓட்டம், இறுதி வரைபடம், ஒப்பந்தம், கட்டுமானம், திறப்பு விழா எல்லாமே ஏறக்குறைய முழுதாக இந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன.

நம் கவுன்சிலர்களைப் பற்றிப் பெரிய மயக்கம் ஏதும் எனக்கில்லை. ஆனாலும் கவுன்சிலர் என்றொருவர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர் என்ற பயம் அவருக்கு இருக்கும். வணிகர் சங்கத்துக்கு அவர் தேவையில்லை. அமைச்சரையும் ஆணையரையும் நேரில் பார்க்க அவர்களுக்கு வழியுண்டு. அவரை நம்பியிருப்பது பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பவரும், நடைபாதையில் பூ விற்கும் அம்மாவும்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். வரைபடம் ஆங்கிலத்தில், திரையில், முப்பரிமாணப் படமாக. கூட்டம் வேலை நாளில் பகல் பொழுதில் என்றால் வியாபாரத்தை விட்டு வருபவர் யார்?

அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இலேயே வார்டு குழுக்களைப் பற்றிப் பேசிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தது 2022இல். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரங்களிலும் முதன்முறையாகச் சபைக் கூட்டங்கள் நடந்தன. பாண்டி பஜார் வளாகம் திறந்து அப்போது ஏறக்குறைய மூன்றாண்டு ஆகிவிட்டது.

இங்கே ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். மன்றம் இருந்த காலத்தில்தான், 2014இல், மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்றது சென்னை. மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்குமான வசதிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்றது அந்தக் கொள்கை. நகரில் பல சாலைகளில் நடைபாதைகள் அகலமானதும் பாண்டி பஜார் யோசனை உயிர்பெற்றதும் அதன் தொடர்ச்சியே. எந்த அதிகாரியோ திடீரெனக் கனவு கண்டு கட்டியதில்லை. கொள்கைக்கு மன்றத்தின் ஒப்புதல் இருந்தது. தெருவுக்கு இல்லாமல் போனது.

பக்கத்துத் தெருவும் மழைத் தண்ணீரும்

பிரதான சாலையில் நிறுத்தம் குறைந்தால் கார்கள் மாயமாகிவிடுவதில்லை. வாகன நிறுத்தகத்துக்குள் போய்க் கட்டணம் கட்டுவதைவிட, இரண்டு தெரு தள்ளி யார் வீட்டு வாசலிலோ சும்மா நிறுத்துவது எளிது. நாயர் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை இவற்றுக்கிடையே உள்ள சிறு தெருக்களில் குடியிருப்போர் எழுப்பிய புகார்களில் பெரும்பகுதி இதைப் பற்றியவை: சொந்த வீட்டு கேட்டைத் திறக்க முடிவதில்லை, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடிவதில்லை. நடைபாதை வளாகத்தை அவர்கள் வெறுத்தார்கள் என்பதில்லை. மாலையில் அங்கே நடக்கப் போகிறவர்களும் அவர்களேதான். அந்தத் தெருவுக்குக் கிடைத்த நிம்மதியின் செலவு தங்கள் தெருவின் கணக்கில் எழுதப்பட்டது என்பது அவர்கள் ஆதங்கம். திட்டத்தின் எல்லைக்கோட்டைத் தெருவின் விளிம்போடு நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

இந்தப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட தெருக்களை ‘ஸ்மார்ட் தெருக்கள்’ என்ற பெயரில் சீரமைத்தபோது எழுந்த கவலை வேறு விதமானது. பழைய வீட்டுக்காரர்கள் முதலில் பார்த்தது சாலையின் உயரத்தை. சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு இது விளக்கவேண்டாத விஷயம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, முப்பது நாற்பது ஆண்டில் சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் இறங்கிவிடும். படியேறிப் போன வீட்டுக்குப் படியிறங்கிப் போகவேண்டியிருக்கும். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவு போடும் அளவுக்கு அது மாநிலம் முழுவதற்குமான தலைவலி.

அந்த ஆண்டு நவம்பரில் பெருமழை கொட்டியது. தி. நகரில் தண்ணீர் நின்றது, நாள் கணக்கில். ஏரி தன் இடத்துக்குத் திரும்பியது என்று சொல்வது அழகாக இருக்கும். காரணம் அதைவிடச் சாதாரணமானது. இப்பகுதியின் மழைநீர் பெரும்பாலும் மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் பக்கம் போய் அடையாற்றில் சேரவேண்டும். அந்தக் கால்வாயைச் சீரமைக்கும் வேலையும் ஸ்மார்ட் சிட்டியின் கீழ் பாதியில் நின்றிருந்தது. கட்டுமானக் கழிவு ஓட்டத்தை அடைத்திருந்தது. கோடிகள் கொட்டிய பகுதியில் படகு விடவேண்டிய நிலை என்று நகரமே கேலி பேசியது. புதிதாகப் பதவிக்கு வந்திருந்த மு.க. ஸ்டாலின் அரசு, ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் முறைகேடு நடந்ததா என்று ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் குழு அமைத்தது. அதுவரை கார் நிறுத்தம் பற்றிய சண்டையாக இருந்தது அன்றிலிருந்து கட்சிச் சண்டையாகவும் மாறியது. நடைபாதை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து விடை வரத் தொடங்கியது.

நடைபாதை அகலமானதால்தான் வெள்ளம் வந்தது என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. தண்ணீர் வெளியே போகும் வாய் அடைபட்டிருக்கும்போது மேலே என்ன கல் பதித்திருக்கிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. ஆனால் அந்தச் சந்தேகம் மக்களுக்கு வந்ததை முட்டாள்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. பளபளப்பான கல்லை முதலிலும் கண்ணுக்குத் தெரியாத வடிகாலைக் கடைசியிலும் செய்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

விழா முடிந்த பிறகு

திறப்பு விழாவுக்குச் சில மாதங்களிலேயே கொரோனா வந்து எல்லாக் கடைகளையும் பூட்டியது. அதனால் வியாபாரம் கூடியதா குறைந்ததா என்று முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சிக்கலாகிவிட்டது. இரண்டு தரப்பும் தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போயிற்று.

இப்போது அங்கே போனால் காணக்கிடைப்பது ஒரு கலவை. மாலையில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்த இருக்கைகள் காலியாக இருந்து பார்ப்பது அபூர்வம். சிக்னலில் காத்திருக்கப் பொறுமையில்லாத ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஏறி வருவதும் உண்டு. வண்டியைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்கள் நெருக்கமாக இருந்தால் சக்கர நாற்காலி நுழையாது, தள்ளி இருந்தால் பைக் நுழைந்துவிடும். இந்த அளவைச் சரியாக வைப்பதே தனி வித்தை. கல் பெயர்ந்த இடம், எரியாத விளக்கு, எவர் வேலைக்கோ தோண்டிவிட்டுச் சரியாக மூடாத பள்ளம். குடிநீர் வாரியம், மின் வாரியம், கேபிள்காரர்கள், போக்குவரத்துக் காவல்துறை, மாநகராட்சி என்று ஒரே தெருவுக்கு ஐந்தாறு எசமானர்கள். கட்டும்போது ஒரு நிறுவனம் பொறுப்பு. கட்டிய பிறகு யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துபோனது. இனி பராமரிப்பு முழுக்க மாநகராட்சியின் பையிலிருந்துதான்.

இதற்கிடையே தி. நகரில் கட்டுவது நிற்கவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. செலவு 28 கோடிக்கு மேல். நடப்பவரை மேலே ஏற்றிவிட்டுக் கீழே வண்டிக்கு வழிவிடும் யோசனை அது. பாண்டி பஜார் யோசனைக்கு நேர் எதிர்த் திசை. உஸ்மான் சாலையில் மேம்பால வேலையும் நடந்தது. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரே அரசு இயந்திரம் நடப்பவருக்காகச் சாலையைச் சுருக்கவும் செய்கிறது, வண்டிக்காக உயர்த்தவும் செய்கிறது. எதை நம்பித் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வது என்று குடிமகன் குழம்பினால் அவனைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்த சோதனை பனகல் பூங்காவில் காத்திருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் தடத்தில் அங்கே சுரங்க நிலையம் வருகிறது. அதன் வேலைக்காகப் பூங்காவைச் சுற்றிய சாலைகள் ஆண்டுக்கணக்கில் தகரத் தடுப்புகளுக்குள் கிடக்கின்றன. தடுப்புகளை எடுக்கும் நாளில், நிலையத்தின் வாசல் திறக்கும் இடத்தில் தெருவின் ஓரத்தை யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்கிட்டாக வேண்டும். ஷேர் ஆட்டோ, காரில் வந்து இறக்கிவிடுபவர்கள், பேருந்து நிறுத்தம், நடப்பவர், பூக்கடை, பழக்கடை எல்லாம் அந்தச் சில மீட்டருக்குத்தான் போட்டி போடும். 2013க்கும் இப்போதைக்கும் இடையே இரண்டு மாறியிருக்கின்றன: தெரு வியாபாரிகளுக்குச் சட்டம் இருக்கிறது, வார்டுக்குக் கவுன்சிலரும் பகுதி சபையும் இருக்கிறார்கள். நிலையத்தைச் சுற்றியுள்ள தெரு வரைபடம் தமிழில், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, அந்தச் சபையின் மேசைக்கு வருகிறதா என்பதை தி. நகர்க்காரர்கள் இப்போதிருந்தே கேட்கத் தொடங்கலாம்.